காது வளர்ந்த கினிப்பன்றி

கிளெனிஸ் டோல்ஹர்ஸ்ட் முப்பத்தோரு வருஷம் மனிதர்களுக்கு முடி வெட்டினாள். அறுபதாவது வயதில் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டு, "இனிமே வாய் பேசாத தலையா இருந்தாத்தான் தொடுவேன்" என்று அறிவித்தாள். மாநில எல்லையில் இருக்கும் ட்வீட் ஹெட்ஸ் ஊரில் பாதிப் பெண்கள் வருத்தப்பட்டார்கள். அவளுடைய வாய்க்குப் பயந்து காதை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த மீதிப் பாதி நிம்மதியாக மூச்சு விட்டது.

அடுத்த மாதமே வீட்டுக் கார் ஷெட்டில் கடை போட்டுவிட்டாள். முயல்களுக்கும் கினிப்பன்றிகளுக்கும் நகம் வெட்டுவது, சடை பிரிப்பது, பின்பக்கத்தைச் சுத்தம் செய்வது. வேலை சின்னதுதான். அவற்றைத் தூக்கி வருகிறவர்களைத் திட்டுவதுதான் பெரிய வேலை.

ஒரு நாள் ஒரு பெண் ஈரம் சொட்டச் சொட்ட ஒரு முயலைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள். "நாத்தம் அடிச்சுதுன்னு குளிப்பாட்டினேன்" என்றாள்.

"நாத்தம் அடிச்சது முயல் இல்லம்மா, நீ கழுவாத கூண்டு" என்றாள் கிளெனிஸ். "தண்ணியில முக்கினா பயத்துலயே அதுக்கு உயிர் போயிரும். போய் கூண்டைக் குளிப்பாட்டு."

இன்னொருவர் தன் முயலை மல்லாக்கப் போட்டு வயிற்றைத் தடவி, "பாருங்க, எவ்வளவு சுகமா தூங்குது" என்று பெருமைப்பட்டார்.

"தூங்கல. செத்த மாதிரி கிடந்தா விட்டுருவீங்களான்னு பாக்குது. உங்களை ஒரு முதலை மல்லாக்கப் போட்டுத் தடவிக்கொடுத்தா நீங்களும் இப்படித்தான் தூங்குவீங்க."

கேரட்டை மட்டுமே போட்டு முயல் வளர்த்தவரிடம், "உங்க பிள்ளைக்கு மூணு வேளையும் மிட்டாய்தானா?" என்று கேட்டாள். கினிப்பன்றிக்குக் குடைமிளகாய் கொடுக்காதவர்களை, அதற்குப் பல் ஈறு வீங்கும் விதத்தை நடித்துக் காட்டி அழவைத்தாள். தொலைபேசியில் இன்னும் மோசம். தான் சொல்ல வேண்டியதைச் சொன்னதும் எதிராளி வாய் திறப்பதற்குள் டொக்கென்று வைத்துவிடுவாள். கைபேசியில் டொக் வராது என்பதற்காகவே பழைய கம்பித் தொலைபேசியைக் கார் ஷெட் சுவரில் மாட்டி வைத்திருந்தாள். இத்தனைக்கும் வாடிக்கையாளர்கள் குறையவில்லை. அவள் கையில் போனால் எந்த முயலும் நடுங்காது என்பது ஊருக்கே தெரியும்.

இப்படிப்பட்டவள் தனக்கென்று ஒரு பிராணிகூட வளர்க்கவில்லை. ராத்தங்கலுக்கும் எதையும் ஏற்க மாட்டாள். "நான் முடி வெட்டுறவ, அநாதை ஆசிரமம் நடத்தலை" என்பாள். உண்மைக் காரணம் வேறு. அவளுடைய அப்பா பக்கத்து மாநிலமான குயின்ஸ்லாந்தில் முயல் வேலியைப் பழுது பார்க்கும் வேலையில் இருந்தவர். அந்த மாநிலத்துக்குள் ஒரு முயல்கூட நுழையக்கூடாது, நுழைந்தால் உயிரோடு திரும்பக்கூடாது. ஏழு வயதில் கிளெனிஸ் ஒரு குட்டியைக் கண்டெடுத்து அலமாரி இழுப்பறையில் ஒன்பது நாள் ஒளித்து வைத்திருந்தாள். பத்தாம் நாள் அப்பா இழுப்பறையைத் திறந்தார். அவர் கெட்டவர் இல்லை, வேலையைச் செய்தார். அதற்குப் பிறகு அவள் எந்தப் பிராணிக்கும் பெயர் வைத்ததில்லை. அந்த ஒன்பது நாளைப் பற்றி யாரிடமும் சொன்னதும் இல்லை.

டெஸ்மண்ட் ஃப்ரேய்ன் குற்றவாளி ஆனது ஜூன் மாதத்தில். இழுவை வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன், எழுபத்தொரு வயது, ட்வீட் பக்கம் வாடகைக்கு இருந்தான். வீட்டை விற்றுவிட்டார்கள். பவுண்டரி தெருவுக்கு அந்தப் பக்கம், கூலங்கட்டாவில், தங்கையின் அடுக்ககத்துக்குக் குடிபோனான். நானூறு அடிகூட இருக்காது. நாற்காலிகளைக் கையாலேயே தூக்கிப்போனார்கள். ஆனால் தெருவின் நடுவில் மாநில எல்லை. தெற்கே, நியூ சவுத் வேல்ஸில் இருந்தவரை அவனுடைய முயல் செல்லப்பிராணி. கோட்டைத் தாண்டியதும் அது நாட்டின் எதிரி. பிடித்தால் முயலுக்கு ஊசி, இவனுக்கு வாழ்நாளில் பார்த்திராத அபராதம்.

முயலின் பெயர் பிஷப். கறுப்பு உடம்பில் கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை. முகத்திலும் யாரையும் மன்னிக்காத ஒரு களை உண்டு.

டெஸ்மண்ட் தள்ளுவண்டிப் பையில் பிஷப்பை வைத்து, மேலே துண்டு போர்த்தி, ஒவ்வொரு சனிக்கிழமையும் எல்லை தாண்டி கிளெனிஸிடம் வந்தான்.

"என்னய்யா கொண்டாந்திருக்க?" என்று முதல் சனிக்கிழமை கேட்டாள்.

"கினிப்பன்றி" என்றான் டெஸ்மண்ட், கூரையைப் பார்த்துக்கொண்டு.

கிளெனிஸ் துண்டை விலக்கினாள். பிஷப் அவளைப் பார்த்தது.

"காது?"

"வளர்ந்திருச்சு."

அவள் பெரிய நோட்டை எடுத்து, 'கினிப்பன்றி, ஆண், காது வளர்ந்தது' என்று எழுதிக்கொண்டாள். "யோவ், குயின்ஸ்லாந்துல மேஜிக் காட்டுறவங்களுக்கு மட்டும் முயல் வச்சுக்க அனுமதி உண்டு தெரியுமா? தொப்பிக்குள்ளேயிருந்து எடுக்கிறதுக்கு."

"தெரியும். பழகிட்டிருக்கேன். சீட்டுக்கட்டுல ரெண்டு வித்தை வந்திருச்சு."

"எங்க, காட்டு."

காட்டினான். சீட்டெல்லாம் தரையில் விழுந்தது. பிஷப்பே திரும்பிக்கொண்டது.

சந்தேகம் வராமல் இருக்க, கூடவே ஒரு நிஜக் கினிப்பன்றியையும் வாங்கி ஒரே கூண்டில் விட்டுவிடலாம் என்று அவனுக்கு ஒரு யோசனை. கிளெனிஸ் சீப்பை ஓங்கிவிட்டாள். "முயல் ஒரு உதை விட்டா கினிப்பன்றிக்கு இடுப்பு போயிரும். முயலுக்கு ஒண்ணும் பண்ணாத கிருமி அதைக் கொன்னுரும். நீ மாட்டிக்காம இருக்க இன்னொரு உயிர் சாகணுமா?"

அதற்குப் பிறகு அவனுக்குச் சட்டங்கள் போட்டாள். தட்டு நிறையக் காய்ந்த புல் எப்போதும் இருக்க வேண்டும். காட்டு முயல்களை ஒழிக்கப் பரப்பிய நோய் கொசு வழியே வீட்டு முயலுக்கும் வரும். தடுப்பூசி தவறக்கூடாது, கூண்டுக்குக் கொசுவலை கட்டாயம். வெயில் காலத்தில் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்துப் பக்கத்தில் போட வேண்டும். தினமும் பின்பக்கத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு. எல்லாவற்றுக்கும் மேலாக, காலை ஏழு மணிக்கு, காப்பிக்கு முன்னால், புழுக்கையைப் பார்த்து அவளுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும்.

"முயல் உடம்பு முடியலைன்னு உங்கிட்ட வந்து சொல்லாது. புழுக்கைதான் சொல்லும். அது நின்னுதுன்னா முயலும் நின்னுரும். அரை நாள்தான் உனக்கு."

டெஸ்மண்ட் தினமும் அழைத்தான். போலீஸ் ஒட்டுக்கேட்கும் என்று பயந்து, "முத்துக்கள் நல்லா உருண்டையா இருக்கு" என்பான். "சரி" என்று டொக்.

அக்டோபர் வந்தது. ட்வீட் பக்கம் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளினார்கள். குயின்ஸ்லாந்து எப்போதும்போல அசையவில்லை. கோடைக்காலம் முழுக்க இந்தத் தெருவில் இரண்டு நேரம். பல் மருத்துவர், கல்யாணம், சாவு, எதைச் சொன்னாலும் "எந்தப் பக்கத்து நேரம்?" என்று கேட்டுக்கொள்வது இங்கே மூச்சு விடுகிற மாதிரி. கேட்காமல் ஏமாந்தவர்களைக் கிளெனிஸ் முப்பது வருஷமாகக் கேலி செய்து வந்திருக்கிறாள்.

கடிகாரம் மாறி இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, மதியம் டெஸ்மண்ட் அழைத்தான்.

"கிளெனிஸ், முத்து... காலையில சின்னதா நாலஞ்சுதான் இருந்துச்சு. இப்ப ஒண்ணுமே இல்ல. எதையும் திங்கல. கூனிக்கிட்டு உக்காந்து பல்லைக் கடிக்குது."

அவள் மடியில் ஒரு நீளமுடிக் கினிப்பன்றி, சிக்கு பாதி பிரித்த நிலையில். உடனே ட்வீட் பக்கத்து கால்நடை மருத்துவமனைக்கு அழைத்தாள். அங்கே டாக்டர் ரோஷெல் ஒரு நாயின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். நாலரைக்குப் பார்ப்பார், ஐந்துக்குப் பூட்டிவிடுவார்கள் என்றார்கள். கிளெனிஸ் டெஸ்மண்டை அழைத்தாள்.

"நாலரைக்கு டாக்டர் வாசல்ல நில்லு. ஒரு நிமிஷம் தப்பக்கூடாது."

"சரி, எந்தப் பக்க..."

டொக்.

கினிப்பன்றியின் சிக்கு பிரிந்தது, நகம் வெட்டியாயிற்று, அதன் சொந்தக்காரியைத் திட்டியும் ஆயிற்று. ஐந்து நாற்பதுக்குக் கார் ஷெட் வாசலில் தள்ளுவண்டிச் சக்கரம் கிரீச்சிட்டது. டெஸ்மண்ட் நின்றான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"பூட்டியிருக்கு. நான் நாலேகாலுக்கே போயிட்டேன், கிளெனிஸ். கால் மணி நேரம் முன்னாடியே போயிட்டேன். கதவைத் தட்டித் தட்டிப் பாத்துட்டு வர்றேன்."

கிளெனிஸ் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். அவனுடைய நாலேகால் இங்கே ஐந்தேகால். பிறகு அதற்குக் கீழே மாட்டியிருந்த தொலைபேசியைப் பார்த்தாள். அவன் கேட்டான். கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டான். முழுசாகக் கேட்க அவள் விடவில்லை. 

துண்டை விலக்கினாள். பிஷப் கண்ணைப் பாதி மூடியிருந்தது. காது குளிர்ந்திருந்தது. வயிற்றைத் தொட்டதும் பல்லை நறநறவென்று கடித்தது. வலிக்கிற முயல் கத்தாது, பல்லைத்தான் கடிக்கும்.

"நீயே ஏதாவது பண்ணேன்" என்றான் டெஸ்மண்ட்.

"நான் முடி வெட்டுறவ. தெரியாததைக் குடுத்து நானே கொல்லவா? வண்டியில ஏறு."

ராத்திரியிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை குயின்ஸ்லாந்து பக்கம். அங்கே கொண்டுபோனால் பிஷப் வேறு விதமாகச் சாகும். டாக்டர் ரோஷெல் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கே இருப்பார் என்பது கிளெனிஸுக்குத் தெரியும். புல்தரையில் பந்து உருட்டும் கிளப்பில். அந்தக் கிளப்பும் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான்.

பவுண்டரி தெருவில், தெற்குப் பக்க ஓரமாகக் காரை நிறுத்தினாள். டெஸ்மண்டும் பிஷப்பும் நியூ சவுத் வேல்ஸில் உட்கார்ந்திருக்க, கிளெனிஸ் மட்டும் தெருவைத் தாண்டி ஓடினாள். அறுபத்திரண்டு வயதில் அவள் ஓடுவதை ஊர் அன்றுதான் பார்த்தது. கிளப் புல்தரையில் ஐம்பது பேர் வெறுங்காலோடு, கையில் பந்தும் பீருமாக நின்றிருந்தார்கள்.

"ரோஷெல்!" என்று கத்தினாள். "காது வளர்ந்த கினிப்பன்றி ஒண்ணு சாகக் கிடக்கு!"

 அங்கே இருந்தவர்களில் நகராட்சிக்காரர்கள் இருந்தார்கள், ஒரு போலீஸ்காரரும் இருந்தார். எல்லோருக்கும் திடீரென்று தங்கள் பந்து ரொம்ப சுவாரசியமாகிவிட்டது. போலீஸ்காரர் மட்டும், "கினிப்பன்றிதானே, போங்க டாக்டரம்மா, உங்க பந்தை நான் உருட்டறேன்" என்றார்.

டாக்டர் ரோஷெல் வெறுங்காலோடு வந்தார். காரின் முன்மூடியில் துண்டை விரித்து, பிஷப்பின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார்.

"குடல் நின்னுபோச்சு. அடைப்பு இல்ல, அது நல்ல செய்தி. ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். ஏன் வரல?"

டெஸ்மண்ட் வாயைத் திறந்தான். கிளெனிஸ் முந்திக்கொண்டாள்.

"என்னாலதான். எந்த நேரம்னு கேக்க வந்தான். நான் டொக்குனு வச்சுட்டேன்."

மருத்துவமனையைத் திறந்து வலிக்கு ஊசி போட்டார்கள். தோலுக்கடியில் தண்ணீர் ஏற்றினார்கள். கரைத்த புல்மாவை ஊசிக்குழாயால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும், உடம்பைச் சூடாக வைத்திருக்க வேண்டும், விடியும்வரை தாண்டினால் பிழைக்கும் என்றார் டாக்டர். "யார் வீட்டுல வச்சுக்கப் போறீங்க? கோட்டைத் தாண்டிக் குலுக்கிட்டு அலைய வேண்டாம்."

இரண்டு பேரும் கிளெனிஸைப் பார்த்தார்கள்.

"என்ன பாக்குறீங்க?" என்றாள். "சரி, குடுங்க."

வீட்டில் பெட்டி எதுவும் அவளிடம் இல்லை. அலமாரியின் பெரிய இழுப்பறையை உருவி எடுத்து, துண்டு போட்டு, அதில் பிஷப்பை வைத்தாள். வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது. கை கொஞ்ச நேரம் இழுப்பறை விளிம்பை விடவில்லை.

காலை ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது. ட்வீட் ஏழு, அவனுக்கு ஆறு. டெஸ்மண்ட்தான். 

"ஒன்பது" என்றாள் கிளெனிஸ். "உருண்டையாத்தான் இருக்கு. ரெண்டு கொஞ்சம் சப்பை. இப்ப என் கொத்தமல்லியை மேஞ்சிட்டிருக்கு, திருட்டு பிஷப்."

 மறுபக்கத்திலிருந்து எழுபத்தொரு வயது இழுவை வண்டிக்காரன் ஒருவன் வெட்கமில்லாமல் அழும் சத்தம் வந்தது.

"அழு, அழு" என்றாள். "இனிமே அது இங்கதான் இருக்கும். கூண்டு கழுவ நீ தினமும் ஏழு மணிக்கு வரணும். என் ஏழு. உன் மந்திர தந்திரமெல்லாம் வேண்டாம், புழுக்கை அள்ளுற கரண்டியை மட்டும் எடுத்துட்டு வா."

"கிளெனிஸ்..."

"சொல்லு."

 அவன் இன்னும் அழுது முடிக்கவில்லை. கிளெனிஸ் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, காலால் இழுப்பறையைத் தன் பக்கம் நகர்த்தி, அவன் பேசும்வரை காத்திருந்தாள்.