நூற்றுக்கு முப்பது

கம்பத்திலிருந்து மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பொன்னாத்தாளைத் தெரியாமல் இருக்காது. தெருவில் ஆள் சேர்த்து ஜீப்பில் கூட்டிப்போகிறவள் அவள்தான். எந்தத் தோட்டத்தில் கூலியை இழுத்தடிப்பார்கள் என்பது அவளுக்கு அத்துபடி. மலையாளத்திலேயே சண்டை போட்டு வாங்கிக் கொடுத்துவிடுவாள்.

போன வருசம் சாரல் காலத்தில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. குனிந்து காய் எடுத்துவிட்டு நிமிர்ந்தால் நெஞ்சடைத்தது. படுத்தால் இருமல் வந்தது. தலையணையை அடுக்கிச் சாய்ந்துகொண்டுதான் தூங்க முடிந்தது. பாதம் வீங்கிச் செருப்பின் வார் அச்சாகப் பதிந்தது. சளிதான் என்று கஷாயம் குடித்துச் சமாளித்தவள், ஒருநாள் ஜீப்பை விட்டு இறங்கியதும் தோட்டத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கூட இருந்த அக்கம்மாள் அதே வண்டியில் கீழே கொண்டுவந்து, தேனியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

நெஞ்சில் எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். இதயம் முப்பது சதவீதம்தான் வேலை செய்கிறது என்று யாரோ சொன்னதைக் கணவன் மொக்கைச்சாமி காதில் வாங்கிக்கொண்டார். வாழைத்தார் மண்டியில் சுமை தூக்குகிற மனிதர். நூறில் முப்பது போக எழுபது செத்துப்போச்சு என்று அவர் கணக்குப் போட்டார். அவளிடம் சொல்லவில்லை. ஆனால் அந்த முப்பது அவள் காதிலும் விழுந்திருந்தது.

"பள்ளிக்கூடத்துல பாஸாகவே முப்பத்தஞ்சு வேணும். நான் அதுக்கும் கீழ," என்று மகள் ஹேமாவதியிடம் சொல்லிச் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

வீக்கம் வடிந்து வீட்டுக்கு வந்தபின், தண்ணீர்க் குடத்தை அவள் தொடவும் மொக்கைச்சாமி விடவில்லை. வாசலுக்கு வந்தால்கூட உள்ளே போகச் சொன்னார். சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, துக்கவீட்டில் உட்கார்வதுபோல் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். பொன்னாத்தாளும் மனதை விட்டுவிட்டாள். காதில் கிடந்த கம்மலைக் கழற்றி மகளிடம் கொடுத்தாள்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் தேவயானியிடம் நேராகவே கேட்டாள்: "இன்னும் எத்தன மாசம்மா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எதனால் அப்படிக் கேட்கிறாள் என்று விசாரித்து, முழுதும் கேட்டுக்கொண்டார்.

"நூறு யாருக்குமே வராதும்மா. இதயம் ஒரு தடவை சுருங்கினா, உள்ள நிறைஞ்ச ரத்தத்துல நூறுக்கு அறுபது பங்கைத்தான் வெளிய தள்ளும். மிச்சம் உள்ளயே நிக்கும். எனக்கும் அப்படித்தான். உங்களுக்கு அது முப்பதா இருக்கு. நல்ல இதயம் தள்ளுறதுல பாதி. குறைச்சல்தான், நான் பொய் சொல்லல. ஆனா எழுபது செத்துப்போச்சுன்னு அர்த்தமில்ல."

கூட வந்திருந்த மொக்கைச்சாமி தலையைக் குனிந்துகொண்டார்.

மாத்திரை விடக்கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும், தண்ணீர் அளவோடு குடிக்க வேண்டும், தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும் என்றெல்லாம் டாக்டர் சொன்னார். படுத்தே கிடக்க வேண்டியதில்லை, பேச்சுக் கொடுத்துக்கொண்டே போக முடிகிற அளவுக்கு நடக்கலாம் என்றும் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் பொன்னாத்தாள், "டாக்டரம்மா சொன்னாகல்ல? இனிமே என்னய மறிக்காதீக," என்றாள். அவர் மறுநாளே எடை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கி வந்தார். உப்புக் குறைந்த குழம்பை அவரும் முகம் சுளிக்காமல் தின்னப் பழகினார். விடிந்ததும் வயல் ஓரம் வாய்க்கால் கரையில் இரண்டு பேரும் நடந்தார்கள். முதலில் திருப்பம் வரைக்கும், பிறகு பாலம் வரைக்கும்.

இடையில் ஒரு சறுக்கல். ராயப்பன்பட்டியில் இருக்கும், கூட வேலை பார்த்த ஒருத்தி வீட்டுக்குக் கோயில் திருவிழாவுக்குப் போன பொன்னாத்தாள், பிரியாணியும் ஊறுகாயும் ஆசைதீரத் தின்றுவிட்டாள். அடுத்து வந்த நாட்களில் உடம்பில் நீர் சேர்ந்து எடை மளமளவென்று ஏறியது. கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுந்தது. இன்னும் ஒருநாள் பார்ப்போமே என்றார் மொக்கைச்சாமி.

"மூச்சு வாங்குறதுக்கு முன்னாடியே போயிருவோம்," என்று அவள்தான் கிளம்பினாள்.

டாக்டர் நீர் பிரியும் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து, சரியான நேரத்தில் வந்தீர்கள் என்று அன்றே அனுப்பிவைத்தார். முதலில் வீக்கம் வந்தபோது தூக்கிக்கொண்டு போன இடத்துக்கு இந்தமுறை தன் காலால் நடந்து போய்வந்தது அவளுக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

அரை வருசம் கழித்து எடுத்த எக்கோவில் நாற்பத்திரண்டு. அறுபதுக்கு வந்துவிடுமா என்று மொக்கைச்சாமி ஆசையாகக் கேட்டார். வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். எண் கூடிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடக்கூடாது; எவ்வளவு தூரம் நடக்கிறாள், எப்படித் தூங்குகிறாள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். பொன்னாத்தாள் இப்போது ஒரே தலையணையில் தூங்குகிறாள்.

காய் எடுக்க அவள் மலையேறுவதில்லை. அக்கம்மாள் ஆட்களைக் கூட்டிப்போகிறாள். கூலிச் சண்டை மட்டும் கம்பத்திலிருந்து போனில் நடக்கிறது, மலையாளத்தில்.

தை மாதம் இருவரும் சுருளி அருவிக்குப் போனார்கள். ஏற்றத்தில் அவள் நின்று நின்று, பேசிக்கொண்டே நடந்தாள். பாதி வழியில் மொக்கைச்சாமிதான் மூச்சு இரைத்துப்போய் ஒரு பாறையில் உட்கார்ந்தார்.

"மெதுவா வாங்க. அருவி அங்கனயேதான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு, பொன்னாத்தாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.