அண்ணையின் பலகையில் மூன்று சோற்றுருண்டைகள்

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது என் அண்ணை இறந்து முப்பத்தொரு நாள் ஆகியிருக்கும். கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் என்னையே எழுதச் சொன்னார்கள். எனக்கு அலங்காரமாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன். சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். பரவாயில்லை.

அண்ணை வடமராட்சியில் பிறந்தவர். அப்பா காலமானபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஏழு. படிப்பை விட்டுவிட்டுச் சைக்கிள் கடைக்கு வேலைக்குப் போனார். பிறகு கனடாவுக்கு வந்து, அகதி வழக்கு முடியும்வரை ஒரே அறையில் ஐந்து பேரோடு இருந்து, ஸ்காபரோவில் ஒரு பாண் சுடுகிற தொழிற்சாலையில் கால் வீங்க நின்று உழைத்து, அம்மாவையும் என்னையும் கூப்பிட்டார். தனக்கென்று ஒரு கலியாணம் செய்யவில்லை. என் கணவர் இறந்த பிறகு நான் மில்லிக்கனில் அண்ணை வீட்டுக்கே வந்துவிட்டேன்.

அண்ணை ஒருவரையும் சந்தேகப்பட மாட்டார். ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஒருவராவது சந்தேகப்பட வேண்டும். அந்த வேலையை நான் பார்த்தேன்.

ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு வீட்டுக்குப் பின்னாலுள்ள வளவுதான் உலகம். வேலிக்கருகே ஒரு கம்பம் நட்டு, அதன்மேல் பலகை அடித்தார். பனி கொட்டத் தொடங்கினால் காலையில் தேத்தண்ணீர் குடிக்குமுன் சூரியகாந்தி விதையும் கச்சான் கடலையும் கொண்டுபோய்ப் பலகை நிறையக் கொட்டுவார். சிட்டுக்குருவி, நீலக்குருவி, செக்கச்சிவந்த ஒரு சோடிக் குருவி, கறுப்பு அணில் எல்லாம் வரும். சனிக்கிழமை விரதம் என்பதால் அன்றைக்கு எள்ளுக் கலந்த சோறு வைப்பார். காகம் வந்து கொத்தும்வரை தான் சாப்பிட மாட்டார். குளிருக்குக் காகம் வராத நாட்களும் உண்டு. மத்தியானம் தாண்டியும் யன்னலடியில் பசியோடு நிற்பார்.

"அணில் திண்டிட்டுதுதானே, வந்து சாப்பிடுங்கோ" என்பேன்.

"அணில் காகமாகுமோடி?" என்பார்.

போன மார்கழியில் மாநகரசபையிலிருந்து ஒருவர் வந்தார். எலி வருவதாக முறைப்பாடாம். கீழே சிந்தாமல் வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு நானாதான் சொல்லியிருப்பார் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். நானா என்று நாங்கள் கூப்பிடும் அந்த முஸ்லிம் மனிதர் புத்தளத்திலிருந்து வந்தவர், குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறவர். வேலியால் எட்டி எட்டிப் பார்க்கிற ஆள் அவர் ஒருவர்தான். அண்ணையிடம் சொன்னேன். "சும்மா இரு" என்றார். அதற்குப் பிறகு நான் நானாவுக்கு முகம் கொடுக்கவில்லை.

தை மாதம் ஒரு காலை, விதை வாளியோடு இறங்கிய அண்ணை படியிலிருந்த ஐஸில் சறுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. பனியில் சிந்திய விதையைப் பொறுக்க, அவர் அங்கே கிடக்கும்போதே குருவிகள் வந்தன. அன்றைக்கே அந்தச் சீவன்கள் எனக்கு வெறுத்துவிட்டன.

ஆஸ்பத்திரியில் நான் போனவுடன் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்.

"வைச்சியோ?"

"ஓம் அண்ணை, வைச்சிட்டன்."

"நல்லது" என்று கண்ணை மூடுவார்.

நான் வைக்கவில்லை. ஒருநாளும் வைக்கவில்லை.

ஆனால் நாலாம் நாள் காலை பார்த்தால் பலகையில் விதை இருந்தது. வேலியின் உடைந்த பக்கத்திலிருந்து கம்பம்வரை பெரிய சப்பாத்துத் தடம். எலியென்று முறைப்பாடு செய்த ஆள் விதை வைப்பாரா? நஞ்சுதான் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். யன்னலடியில் நின்று பார்த்தேன். அணில் வந்து தின்றது. சாகவில்லை. எனக்கு அதிலும் சந்தேகம். மிச்சத்தை வாரிக் குப்பையில் போட்டேன். மறுநாளும் இருந்தது, மறுநாளும் வாரினேன்.

சனிக்கிழமையும் போய்ப் பார்த்தேன். பலகையில் மூன்று சோற்றுருண்டைகள். உருட்டிப் பிடித்து, மேலே கறுப்பு எள்ளு. அண்ணை காகத்துக்கு உதிரியாகத்தான் வைப்பார். எள்ளுப் போட்டு உருண்டை பிடித்து வைப்பது யாருக்கு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என் அண்ணை உயிரோடு கட்டிலில் கிடக்கிறார். உருண்டைகளைத் தூக்கி வீதிப்பக்கம் எறிந்தேன். நேரே போய் நானாவின் கதவைத் தட்டினேன்.

"சோத்துருண்டை வைச்சது நீங்களோ?"

"ஓம் தங்கச்சி. ஏன், காகம் வரல்லியா?"

"உயிரோட இருக்கிற மனுசனுக்குப் பிண்டமோ வைக்கிறியள்?"

நானா முழித்தார். "பிண்டமா? அதெல்லாம் எனக்குத் தெரியாது. உதிரியாப் போட்டா கீழ கொட்டுது, எலி வருது. அதான் உருட்டி வைச்சேன். எள்ளு அண்ணன்தான் போடச் சொன்னாரு."

"எந்த அண்ணன்?"

"உங்கட அண்ணன்தான். ஆஸ்பத்திரியில இருந்து போன் எடுத்தாரு. மத்த நாள் விதை, சனிக்கிழமை எள்ளுச் சோறு எண்டு சொன்னாரு."

எனக்குக் கோபம் இறங்கவில்லை. "எலியெண்டு முறைப்பாடு குடுத்த ஆளிட்டயோ அவர் கேட்டவர்?"

நானா தலையைக் குனிந்தார். "ஓம், நான்தான் குடுத்தேன். மறு கிழமையே அவருக்கிட்டச் சொல்லிட்டேன். சிரிச்சாரு. 'எலிக்குப் பயந்த ஆள் அளவா வைப்பார், அதுதான் உம்மட்டக் கேக்கிறன்' எண்டாரு. ஒரு சுண்டு, சின்ன டின் ஒண்டு அளவு, அதுக்கு மேல நான் வைக்கிறல்ல, தங்கச்சி."

"வீட்டில நான் இருக்கிறன்தானே? என்னட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

நானா சொன்னார்: "'தங்கச்சி வைக்கமாட்டா, ஆனா வைச்சனெண்டு சொல்லுவா, அவவைக் கேக்காதையும்' எண்டாரு."

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பொய் சொன்னேன் அண்ணை என்று சொல்லத்தான் போனேன். சளி நெஞ்சில் இறங்கி, மூக்கும் வாயும் மூடிக் காற்றுக் குழாய் போட்டிருந்தார்கள். அன்றைக்கு அவர் "வைச்சியோ" என்று கேட்கவில்லை. என்னாலும் சொல்ல முடியவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார். இவள் பொய் சொல்கிறாள் என்று தெரிந்துகொண்டே ஒவ்வொரு நாளும் கேட்டு, ஒவ்வொரு நாளும் "நல்லது" என்று சொன்ன மனிதர் அவர். அவருடைய குணத்துக்கு இதைவிட வேறொன்றும் எழுத எனக்குத் தெரியாது.

அண்ணையைப் பார்த்த தாதிமாருக்கும், கொட்டுகிற பனியில் அஜக்ஸிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வந்த மச்சாள் குடும்பத்துக்கும், கிரியைகளைச் செய்த ஐயருக்கும் நன்றி. வருகிறோம் என்று சொல்லிவிட்டு வராதவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நானாவுக்கு நேரில் மன்னிப்புக் கேட்டேன். இங்கேயும் எல்லோரும் பார்க்க எழுதுகிறேன். முறைப்பாடு கொடுத்தது பிழை என்று இப்போதும் சொல்கிறேன். முப்பத்தொன்று அன்று படையலில் எடுத்த சோற்றை நானும் அவரும் சேர்ந்துதான் பலகையில் வைப்போம். அன்று உருண்டை பிடிக்கலாம்.

இன்று காலையும் பனி. வாளியோடு படியில் மெதுவாக இறங்கி, பலகை நிறையக் கொட்டினேன். வேலிக்கு மேலால் நானாவின் தொப்பி தெரிந்தது.

"கூடிப் போச்சு, தங்கச்சி."

திரும்ப வாளிக்குள் அள்ளினேன்.

அண்ணை, வைச்சிட்டன். ஒரு சுண்டுதான்.