மாதா படத்தின் கீழ் மஞ்சள் விளக்கு

எங்கள் ஐஸ் தொழிற்சாலையின் இயந்திர அறையில் மடு மாதாவின் படம் ஒன்று தொங்குகிறது. படத்தின் கீழே சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று சின்ன விளக்குகள். வெளியாட்கள் அலங்காரம் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். உண்மையில் அவை கறண்ட் வருகிறதா என்று காட்டுகிற விளக்குகள். பெரிய மோட்டருக்கு மூன்று கம்பிகளில் கறண்ட் வரவேண்டும். கம்பிக்கு ஒரு விளக்கு. சுவிட்ச் பலகையில் இருக்க வேண்டியவற்றை முதலாளிதான் மாதாவின் காலடிக்கு இழுத்துப் பூட்டுவித்தார். "மூண்டும் எரிஞ்சால் மாதா பார்த்துக்கொண்டிருக்கிறா எண்டு அர்த்தம்" என்பார். நாங்களும் அப்படியே பழகிப்போனோம். வேலைக்கு வந்ததும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு மூன்றையும் ஒரு பார்வை பார்ப்போம். மீற்றர் பக்கம் திரும்பியதே இல்லை.

அந்த விளக்குகளைப் பார்க்கும்போதெல்லாம் மச்சாளின் ஞாபகம்தான். என் மனைவியின் தங்கை. யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியொன்றில் மின்சாரம் படிப்பித்தவள். வாய் ஓயாத பிறவி. ஆவணியில் மடுத் திருவிழாவுக்கு வந்தால், எங்கள் வீட்டில் நின்று நண்டுக் குழம்பு சாப்பிடாமல் திரும்பமாட்டாள்.

அந்த வருடம் அவள் வந்தபோது எனக்குச் சோறு இறங்காத நிலை. தொழிற்சாலையில் என் பொறுப்பில் இருந்த இரண்டு மோட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்துபோயிருந்தன. "இன்னுமொண்டு எரிஞ்சுதெண்டால் நீங்கள் வீட்டில இருங்கோ" என்று முதலாளி சொல்லிவிட்டார். கத்தியிருந்தாலாவது நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். மனுசன் கதிரையில் சாய்ந்தபடி மரியாதையாக, மெல்லச் சொன்னார். எனக்கோ வேறு தொழில் தெரியாது. கடலுக்குப் போகலாமென்றால், வள்ளத்தில் ஏறமுன்னமே வயிறு குமட்டிச் சத்தி எடுக்கிற ஆள் நான். என் கை ராசியில்லாத கை என்று எங்கள் ஊர்க் கீரிக் கரை முழுக்கக் கதை. கொஞ்சம் கொஞ்சமாக நானே அதை நம்பத் தொடங்கியிருந்தேன்.

மச்சாள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "கையில என்ன ராசி? வாங்கோ அத்தான், போய்ப் பாப்பம்." நாங்கள் போனபோது நல்ல மத்தியான வெயில். மோட்டர் முழு இரைச்சலில் ஓடிக்கொண்டிருந்தது. புறங்கையை அதில் வைத்தவள் சுட்டதுபோல எடுத்தாள். பிறகு மாதாவைப் பார்த்தாள். பார்த்தாள் என்றால், வெகுநேரம் பார்த்தாள். கும்பிடுகிறாளாக்கும் என்று நானும் கைகட்டி நின்றேன்.

"அத்தான், மஞ்சள் கொஞ்சம் மங்கலாக் கிடக்கு. மோட்டரை நிப்பாட்டுங்கோ."

"உமக்கென்ன விசரோ? வெளியில சனம் ஐஸுக்கு நிக்குது. விளக்கு மூண்டும் எரியுதுதானே?"

"எரியேல்லை எண்டு ஆர் சொன்னது? ஒருக்கா நிப்பாட்டிப் பாருங்கோ."

நிறுத்தினேன். நிறுத்திய கையோடு மஞ்சள் விளக்கு செத்தது. சிவப்பும் நீலமும் எரிந்துகொண்டே இருந்தன.

ஈரச் சுவரில் விரலால் கோடு கிழித்து அவள் விளங்கப்படுத்தினாள். மூன்று கறண்டும் சமமாக வந்தால் மோட்டருக்குள் ஒரே திசையில்தான் சுற்று. ஒன்று விழுந்து சமநிலை குழம்பினால், அந்தக் குழப்பத்தையும் மூன்று ஒழுங்கான கூட்டங்களாகப் பிரிக்கலாமாம். ஒன்று நேராகச் சுற்றும், ஒன்று எதிராகச் சுற்றும், மற்றது சுற்றாமல் சேர்ந்தே ஏறி இறங்கும். மூன்றையும் கூட்டினால் பழைய கோணல் அப்படியே திரும்பி வரும். கடைசிக் கூட்டத்துக்கு எங்கள் மோட்டருக்குள் போக வழியில்லை. "வில்லங்கம் எதிர்ச்சுற்றுதான் அத்தான். எல்லாரும் வள்ளத்தைக் கரைக்கு இழுக்கேக்க நாலு பேர் கடல் பக்கம் இழுத்தால் எப்பிடி இருக்கும்? வள்ளம் வரும். ஆனால் இடுப்பு போயிடும். மோட்டரும் அப்பிடித்தான் சூடேறி எரியுது." உப்புக் காற்றில் அரித்த ஒரு இணைப்புத்தான் காரணம். சூடேறினால் அது விட்டுவிடும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். மோட்டர் எரிந்து நாங்கள் ஓடித்திரிந்து முடிவதற்குள், மஞ்சள் விளக்கு ஒன்றும் அறியாத பிள்ளைபோல மறுபடி எரியத் தொடங்கியிருக்கும்.

"கம்பி செத்துக் கிடந்தால், அந்த விளக்கை எரிச்சது ஆர்?" என்று கேட்டேன்.

"உங்கட மோட்டர்தான். ஓடுற மோட்டர் செத்த கம்பிக்கும் தானே கறண்ட் குடுக்கும்."

இரைச்சல் நின்றதைக் கேட்டு முதலாளி ஓடிவந்தார். மாதாவின் விளக்கு பொய் சொன்னது என்று இவள் சொல்லிவிட்டால் மனுசன் தாங்குவாரா? மச்சாள் இணைப்பைக் காட்டினாள், விளக்கைக் காட்டினாள். பிறகு, "ஐயா, மாதாவில பிழையில்லை. மாதாவின்ர விளக்கு அணையக் கூடாதெண்டு மோட்டர்தான் தன்னை எரிச்சுப்போட்டுது. அத்தானிலயும் பிழையில்லை" என்றாள்.

முதலாளி அணைந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய்த் தன் கதிரையைத் தூக்கிவந்து எனக்கு முன்னால் வைத்தார். "இருங்கோ" என்றார். வீட்டில இருங்கோ என்ற அதே வாய். நான் இருக்கவில்லை, கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

இப்போது ஒரு கம்பி விழுந்தால் தானாக மோட்டரை நிறுத்திவிடுகிற கருவி பூட்டியிருக்கிறது. விளக்குகள் மாதாவிடமே இருக்கின்றன. ஞாயிறு பூசை முடிய யாழ்ப்பாணத்திலிருந்து மச்சாள் போன் எடுப்பாள். "விளக்கு எரியுதோ அத்தான்?" "ஓம், எரியுது." "நிப்பாட்டிப் பாத்தனீங்களோ?" எங்கள் வீட்டில் அது பெரிய பகிடி. சுகமாக இருக்கிறேன் என்று யார் சொன்னாலும் பிள்ளைகள் இதைத்தான் கேட்பார்கள்.

இந்தத் தவக்காலத்தில் மச்சாள் போய்விட்டாள். நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னாளாம், அதோடு சரி. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் சும்மா கிடக்கிறது. எனக்குத் தாங்க முடியவில்லை.

இன்று மத்தியானம், அவசியமே இல்லாமல் மோட்டரை நிறுத்தினேன். அறை அமைதியானது. சிவப்பு, மஞ்சள், நீலம், மூன்றும் எரிந்தன.

"நிப்பாட்டிப் பாத்திட்டன், மச்சாள்" என்று வாய்விட்டுச் சொன்னேன்.