எழுபது சென்ரிமீற்றர் வாசல்

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரத்துப் பழைய தெருவொன்றில் தவமலரும் கணவர் ஸ்ரிபனும் வாங்கிய மூன்று மாடி வீட்டின் அகலம் நாலரை மீற்றர்தான். "ரயில் பெட்டி மாதிரிக் கிடக்கு" என்றார் ஸ்ரிபன். தவமலருக்குப் பிடித்துவிட்டது. பள்ளிக்கூடம் அடுத்த தெருவில் இருந்தது. பன்னிரண்டு வயது மகள் லக்சனா சக்கர நாற்காலியில் தனியாகவே போய்வரலாம்.

தவமலர் பதினாறு வருடமாக முதியோர் பராமரிப்பு வேலை செய்கிறவள். எந்த வாசலுக்குள் எந்த நாற்காலி நுழையும் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவாள். திருத்த வேலை தொடங்குமுன் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னாள்: கீழ்த்தளத்தில் லக்சனாவுக்கு ஒரு குளியலறை, அதன் வாசல் தொண்ணூறு சென்ரிமீற்றர். வரைபடத்திலும் அப்படித்தான் இருந்தது. திருத்த வேலையைப் பொறுப்பெடுத்த கொந்தராத்துக்காரர் ஹென்ரிக் தலையாட்டினார், ஆனால் ஸ்ரிபனைப் பார்த்து. டெனிஷ் நன்றாகப் பேசுகிறவள் அவள். கேள்வி கேட்பவளும் அவள். பதில் மட்டும் எப்போதும் கணவருக்கே போனது.

நான்கு மாதம் கழித்து வேலை முடிந்ததென்று கூப்பிட்டார்கள். லக்சனா ஆசையோடு குளியலறைப் பக்கம் உருட்டிக்கொண்டு போனாள். சக்கரங்கள் கதவு நிலையில் இடித்து நின்றன. தவமலர் அளந்தாள். எழுபது.

"பரவாயில்லை அம்மா" என்றாள் லக்சனா, தலையைக் குனிந்தபடி. அந்தப் 'பரவாயில்லை'யைத்தான் தவமலரால் பொறுக்க முடியவில்லை.

"பழைய வீடு. பக்கத்தில் தூண் நிற்கிறது, அகலமாக்க முடியாது" என்று ஸ்ரிபனிடம் சொன்னார் ஹென்ரிக். "சின்னப் பிள்ளைதானே, தூக்கிக்கொண்டு போகலாம்."

"என்னைப் பார்த்துக் கதையுங்கோ!" என்று டெனிஷில் வெடித்தாள் தவமலர். "இருபது வயசிலயும் தூக்கிறதோ? உங்களை ஒராள் தூக்கிக்கொண்டுபோய் கக்கூசில இருத்தினால் சம்மதிப்பீங்களோ?"

சுவரை உரித்திருந்த நாட்களில் எடுத்த படங்களைக் கைப்பேசியில் காட்டினாள். தூண் வாசலிலிருந்து அரை மீற்றர் தள்ளி நின்றது. ஹென்ரிக் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, வேறொரு வீட்டு வேலையில் மிஞ்சிய கதவு அது என்பது மெல்ல வெளியே வந்தது.

தவமலர் வீட்டைப் பொறுப்பெடுக்க மறுத்தாள். வரைபடம் கீறியவருக்குப் படங்களோடு கடிதம் போட்டாள். மூன்றாவது வாரம் சுவரை மறுபடி வெட்டினார்கள்.

புதுக் கதவு போட்ட அன்று ஹென்ரிக் ஸ்ரிபனிடம் கை நீட்டி மன்னிப்புக் கேட்டார்.

"என்னட்டைச் சொல்லாதையுங்கோ" என்றார் ஸ்ரிபன்.

ஹென்ரிக் தவமலர் பக்கம் திரும்பினார்.

"எனக்கும் வேண்டாம். அவளிட்டைச் சொல்லுங்கோ" என்று மகளைக் காட்டினாள் தவமலர்.

அந்த நெடிய மனிதர் முகம் சிவக்கக் குந்தியிருந்து லக்சனாவிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் தலையசைத்துவிட்டு உள்ளே உருட்டிப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள்.

அதுவரை இருந்த வீட்டுக்குத் திரும்பும்போது காரில் ஸ்ரிபன் சொன்னார்: "விடும் மலர், மன்னிப்புக் கேட்டிட்டார்தானே."

"கேட்டவர்தான். நான் படம் எடுத்து வைக்காட்டில் கேட்டிருப்பாரோ?"