மிதிக்காத நாலு மிதி

மருந்துக் கிடங்கில் அவரைப் ‘புத்தகம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மிக்ஸி வாங்கினாலும் அதனுடன் வரும் கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டுத்தான் பிளக்கைச் சொருகுவார். ஸ்டோர் கீப்பராகப் பதினெட்டு வருஷம். எந்த மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

அவர் மனைவி ஊரின் மறுகோடியில் இருந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கு பஸ் இருக்காது என்பதால்தான் பழைய கார் ஒன்றை வாங்கினார்கள். அவள்தான் ஓட்டுவாள். முதல் சர்வீஸுக்கு ஒர்க்‌ஷாப்பில் நீட்டிய பில்லை அவர் வரி வரியாகப் படித்தார். வீட்டுக்கு வந்து, “இதுல பாதி வேலைய நானே பண்ணலாம்” என்றார். பழைய சாமான் கடையில் ஜாக்கியும் ஸ்பேனர் செட்டும் வாங்கினார். காரோடு வந்த சர்வீஸ் புத்தகத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

முதல் தடவை ஆயில் மாற்றியபோது வாசல் சிமெண்ட் முழுக்கக் கறுப்பாகியது. காருக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்து அவள் கேட்டாள்: “டாக்டர், பேஷண்ட் பொழைச்சுக்குமா?”

“பேஷண்ட் நல்லாருக்கு. டாக்டருக்குத்தான் இடுப்பு போச்சு.”

கார் பிழைத்தது. ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பேட்டரி என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். மிச்சம் பிடித்ததில் இரண்டாம் வருஷம் வாஷிங் மெஷின் வந்தது. “எங்க வீட்டுக்காரர் கை வெச்சா வண்டி பேசும்” என்று அவள் வார்டில் பெருமை அடித்துக்கொண்டதாக அவர் காதுக்கு வந்தபோது, வெளியே காட்டிக்கொள்ளாமல் ரெண்டு நாள் சந்தோஷமாக இருந்தார்.

மூன்றாம் வருஷம் பிரேக் பிடித்தால் கிரீச்சென்று சத்தம் வந்தது. சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற பேட் தேய்ந்திருந்தது. ஒரு வாரம் படித்தார். புதிய பேட் தடிமனாக இருக்கும். அது நுழைய வேண்டுமானால் அதை அழுத்துகிற பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். மாட்டி முடித்ததும் வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலை நாலைந்து முறை மிதித்து, பிஸ்டனைத் திரும்ப முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். அதுவரை பிரேக் பிடிக்காது. புத்தகத்தில் அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வேலையில் இறங்கினார். இடது சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்டது. வலது சக்கரத்தில் ஒரு நட்டு துருப்பிடித்து ஒரு மணி நேரத்தைத் தின்றுவிட்டது. பன்னிரண்டரைக்கு அவள் வெள்ளை யூனிஃபார்மில் வாசலில் வந்து நின்றாள். ஒரு மணிக்கு ஷிஃப்ட்.

“ஏங்க, நான் டாக்ஸியில போயிடட்டுமா?”

“அதெல்லாம் எதுக்கு? அஞ்சே நிமிஷம்.”

பேடை மாட்டினார், சக்கரத்தைப் பூட்டினார், ஜாக்கியை இறக்கினார். நட்டுகளை ஒன்றுக்கு இரண்டு தடவை இறுக்கினார். கறுத்த கையால் தொடாமல், சாவியை ஒரு துணியில் பிடித்து அவளிடம் நீட்டினார்.

“முடிஞ்சிருச்சு. கெளம்பு.”

உள்ளே போய்க் கை கழுவினார். முழங்கை வரை சோப்பு நுரை இருந்தபோது அந்தப் பென்சில் கோடு கண்ணுக்கு முன்னால் வந்தது. குழாயை மூடாமல் ஓடினார். வாசலைத் தாண்டுவதற்குள் சத்தம் கேட்டுவிட்டது.

அவர்கள் வாசல் தெருவை நோக்கிச் சரிவாக இறங்கும். அவள் ஹேண்ட்பிரேக்கை எடுத்ததும் கார் தானாக உருண்டது. மிதித்திருக்கிறாள். பெடல் தரை வரை போயிருக்கிறது. எதிர்வீட்டு மதிலோரம், தெருக்கோடியில் குடியிருக்கிற டைல்ஸ்காரர் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகத் தன் கம்பெனி வேனுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது. நகரத்தில் பாதி வீடுகளின் தரை தன் கையால் போட்டது என்பார். காருக்கும் மதிலுக்கும் நடுவில் அவருடைய வலது முழங்கால் அகப்பட்டுக்கொண்டது.

அவள்தான் முதலில் இறங்கினாள். யூனிஃபார்மின் மேல் போட்டிருந்த துப்பட்டாவைக் கிழித்து அவருடைய தொடையில் கட்டு போட்டாள். ஆம்புலன்ஸ் வரும்வரை கட்டின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

மறுநாள் போலீசோடு வண்டியைச் சோதிக்கிற அதிகாரி வந்தார். பெடலை மிதித்துப் பார்த்தார். பதற்றத்தில் அவள் ஐந்தாறு தடவை மிதித்ததில் பிஸ்டன் எப்போதோ முன்னுக்கு வந்துவிட்டிருந்தது.

“பிரேக் கல்லு மாதிரி இருக்கு” என்றார் அதிகாரி. “பேடுகூடப் புதுசு. பதட்டத்துல ஆக்ஸிலேட்டர மிதிச்சிருப்பீங்கம்மா.”

அவள் தன் வலது காலைப் பார்த்தாள். “அப்படித்தான் இருக்கும் சார்” என்றாள்.

அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஓட்டியவர் தவறு என்றால் இன்சூரன்ஸ்காரர்கள் டைல்ஸ்காரருக்குப் பணம் தருவார்கள், வீட்டிலேயே பிரேக்கைக் கழற்றியது தெரிந்தால் கையை விரித்துவிடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். டைல்ஸ்காரருக்காகத்தான் பேசாமல் இருக்கிறோம் என்று அன்று மாலை வரை நம்பவும் செய்தார். மாலைக்குப் பிறகு அது முடியவில்லை.

டைல்ஸ்காரர் கால் பிழைத்தது, முழங்கால் மடங்கவில்லை. மண்டியிட முடியாதவருக்கு டைல்ஸ் வேலை இல்லை. அவளுடைய லைசென்ஸை ஆறு மாதத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். ஆறு மாதம் எதற்கு, இனி ஸ்டியரிங்கைத் தொடுவதே இல்லை என்று அவள் சொல்லிவிட்டாள். பஸ் இருக்கிற ஷிஃப்ட் மட்டும் கேட்டதில் சம்பளம் குறைந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பழம் வாங்கிக்கொண்டு டைல்ஸ்காரர் வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு வருவாள். இவரும் கூடப் போய் நிற்பார்.

சாப்பிட உட்கார்ந்தால் மேஜைக்கு அடியில் அவளுடைய வலது கால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று நகரும். எது பிரேக், எது ஆக்ஸிலேட்டர் என்று பார்க்கிறாள் என்பது அவருக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. புரிந்த பிறகு அவரால் அவளோடு உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு காலையில் சொன்னார்.

“நீ பிரேக்கதான் மிதிச்ச. அது பிடிக்கல. பேட் மாத்திட்டு நான் பெடல மிதிச்சுக் குடுத்திருக்கணும். மறந்துட்டேன்.”

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்காக இவ்ளோ பெரிய பழியத் தலையில தூக்கிப் போட்டுக்காதீங்க.”

“பழி இல்ல. நெசம்.”

புத்தகத்தை எடுத்துவந்து பென்சில் கோட்டைக் காட்டினார். அவள் படித்தாள்.

“கோடு போட்டு வெச்ச ஆளு மறப்பீங்களா? நீங்க எதையாவது மறந்து நான் பாத்ததே இல்ல. என் கால் எதுல இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதாங்க?”

அவர் வெளியே போய்ச் சக்கரத்தைக் கழற்றினார். பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளினார். உட்கார்ந்து பெடலை மிதித்தார். அது ஒரு தடையும் இல்லாமல் தரையைத் தொட்டது. “வந்து பாரு. ஒரே ஒரு தடவை வந்து மிதிச்சுப் பாரு” என்று கூப்பிட்டார். அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். அந்த வண்டிக்குப் பக்கத்தில் அவள் வரமாட்டாள்.

ஸ்டேஷனுக்குப் போனார். ஏட்டு முழுக்கக் கேட்டார். “வீட்டம்மாவக் காப்பாத்தணும்னு நெனைக்கிறீங்க, நல்லதுதான். ரிப்போர்ட்டுல பிரேக் சரின்னு இருக்கே சார். கேஸ் முடிஞ்சு போச்சு, வீட்டுக்குப் போங்க” என்றார்.

கடைசியில் டைல்ஸ்காரரிடம் போனார். அவர் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இவர் எல்லாவற்றையும் சொன்னார். அவர் மட்டும் உடனே நம்பினார்.

“அக்கா வாரா வாரம் இங்க வந்து என் காலப் பிடிச்சு அழுதாங்களே. அப்ப நீங்க இந்த வாசப்படியில நின்னுட்டுத்தானே இருந்தீங்க?”

“ஆமா.”

“எப்படிண்ணே நின்னீங்க?”

இவர் திரும்பி அந்த வாசற்படியைப் பார்த்தார்.

“என் காலு போனது போனதுதான். யார் மிதிச்சாலும் மிதிக்காட்டியும் அது மடங்கப்போறதில்ல. ஆனா நீங்க இனிமே இங்க வராதீங்க. அக்கா வரட்டும்.”

டைல்ஸ்காரரும் அவளிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார். புருஷன் சொல்லிக் கொடுத்து அனுப்பியது என்றே அவள் எடுத்துக்கொண்டாள். அதற்குமேல் டைல்ஸ்காரர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

காரை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வாங்கிக்கொண்டு போனார். டூல்ஸை இவர் பழைய சாமான் கடையிலேயே போட்டுவிட்டார். கிடங்கில் இப்போதும் ‘புத்தகம்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அலமாரிக்கு முன்னால் நின்று, எடுத்த பெட்டியை மூன்று தடவை சரிபார்க்கிறார். நாலாவது தடவையும் பார்க்கிறார்.

போன வெள்ளிக்கிழமை அவள் தனியாகப் போய்விட்டு வந்து, செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“முன்னெல்லாம் மூஞ்சியத் திருப்பிப்பாரு. இப்ப காபி குடுக்கச் சொல்றாரு, ‘அழாதீங்கக்கா’ங்கறாரு. அவர் திட்டினாக்கூடத் தாங்கிப்பேன். இது தாங்க முடியலங்க.”

அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார்.