கண்டக்டரும் டிரைவரும் போட்ட போட்டி

கடல் தாண்டிய நாட்டில், விபத்தில் அடிபட்டவர்களை மறுபடி நடக்க வைக்கும் ஒரு மையத்தில் அவள் ஒரு வருடத் தொண்டுக்குப் போயிருந்தாள். படித்தது பிசியோதெரபி. தினமும் மாலையில் வீட்டுக்கு வீடியோ கால். "சாப்டியா? எல்லாரும் நல்லா இருக்கோம்." அவ்வளவுதான் பேச்சு.

ஒருநாள் அப்பா போனைக் கை மாற்றிப் பிடித்தபோது உடம்பு முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. நோயாளிகளிடம் தினம் பார்க்கிற சாய்வு.

"தம்பி, அப்பாவோட காலக் காட்டு."

"கால் எதுக்குக்கா? மொகத்தப் பாரு, மாப்பிள்ள மாதிரி இருக்காரு."

"காட்டுடா!"

குட்டு வெளிப்பட்டது. குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷனும் முடிந்திருந்தது. நீ கவலைப்படுவேன்னுதான் சொல்லல என்றான் தம்பி. "நான் என்ன விருந்தாளியா?" என்று கத்தினாள். அதைவிடப் பெரிய விஷயம், அப்பா எழுந்து நிற்கவே மறுத்தார். நடக்காமல் கிடந்தால் கட்டிலே கதியாகிவிடும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? அவளும் போனிலேயே கெஞ்சினாள், மிரட்டினாள். "நாளைக்குப் பாக்கலாம் பாப்பா" என்பதே பதில். ஊரார் காலை நடக்க வைக்கிறோம், பெற்றவர் காலை முடியவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

ஒரு மாலை பயிற்சிக் கூடத்திலிருந்தே அழைத்தாள். கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே நின்றிருந்த லாரி டிரைவர் திரையை எட்டிப் பார்த்தார். அவருக்கும் இடுப்பில்தான் அடி. அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர் என்றதும், தன் மொழியில் மரியாதையாக வணக்கம் சொன்னார்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

பொய்யே சொல்லிப் பழகாதவள் கூசாமல் மொழிபெயர்த்தாள். "வண்டி ஓட்டற கஷ்டம் கண்டக்டருக்கு எங்க தெரியும், உக்காந்த எடத்துல டிக்கெட் கிழிக்கற ஆளுதானேங்கறாரு."

அப்பாவின் முகம் சிவந்தது. "யாரு உக்காந்தது? அவனா, நானா? முப்பது வருஷம் நின்னே வேல பாத்தவன்டா நானு!"

"சொன்னா நம்ப மாட்டேங்கறாருப்பா."

"டேய், அந்த வாக்கர எடு!"

தம்பி தாங்கிப் பிடிக்க, அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அவள் டிரைவரிடம் திரும்பி அவர் மொழியில் சொன்னாள். "தனக்கு முன்னாடி நீங்க கம்பிய விட்டு நடந்துட்டா ஆச்சரியம்தான்னு எங்கப்பா சொல்றாரு." டிரைவருக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

பிறகு மாலைதோறும் பந்தயம். அவர் நாலு அடி வைத்தால் இவர் ஐந்து. "அந்த ஸ்டியரிங்க கூப்புடு" என்று அப்பாவே போன் போடத் தொடங்கினார். வலிக்குது என்ற பேச்சே மறைந்தது. அவள் மனச்சாட்சி உறுத்தியதென்னவோ உண்மைதான். ஆனால் இரண்டு ஜோடிக் கால்களும் உரமேறுவதைப் பார்த்தபின் அதைக் கொஞ்சம் ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டாள்.

அன்று டிரைவர் கம்பியைத் தொடாமல் கூடத்தின் மறுகோடிவரை போய்த் திரும்பினார். கூடமே கைதட்டியது. அவள் போனைத் தூக்கிக் காட்டினாள்.

"இவ்வளவுதானா?" என்ற அப்பா வாக்கரை ஓரம் தள்ளினார். ஓர் அடி. இன்னோர் அடி. நிலைப்படியைத் தாண்டினார். வாயைப் பிளந்து நின்ற தம்பி போனை அவர் பின்னால் கொண்டு போகவே மறந்துவிட்டான். திரையில் காலிக் கட்டில் மட்டும் தெரிந்தது.

"எங்கே அவர்?" என்று பதறினார் டிரைவர்.

தெருவிலிருந்து அப்பாவின் குரல் கணீரென்று கேட்டது. "யாருய்யா அது, வண்டிய வழியில நிறுத்துனது? நான் நடக்க வேண்டாமா?"