சோப்பை மாற்றச் சொன்னார்கள்

என் இரண்டு உள்ளங்கைகளிலும் செம்பு நிறத்தில் வட்டவட்டமாகத் தடிப்புகள் வந்தன. அரிப்பு இல்லை, வலியும் இல்லை. நாலைந்து நாளில் உள்ளங்கால்களிலும் வந்துவிட்டன. அம்பாசமுத்திரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். அளவெடுக்கும்போது பெண்கள் என் கையைப் பார்த்துவிட்டு லேசாக விலகி நின்றார்கள்.

எங்கள் குடும்ப டாக்டரிடம் போனேன். மகள் கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து அவரிடம்தான் காட்டுகிறோம். கையைத் தொடாமல் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தே பார்த்தார்.

"துணிச் சாயம் ஒத்துக்கல. சோப்ப மாத்துங்க. களிம்பு எழுதுதேன்."

"உள்ளங்கால்லயும் இருக்கு சார். காலால மிஷின மிதிக்கேன், துணிய மிதிக்கலயே."

அதற்குள் அடுத்த ஆளுக்கு மணி அடித்துவிட்டார்.

பதினைந்து நாள் களிம்பு போட்டேன். தடிப்பு அப்படியே இருந்தது. யாரிடமும் சொல்லாத ஒன்று என் மனதுக்குள் கிடந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் கீழே ஒரு புண் வந்து, வலிக்காமலே இருந்து, தானாக ஆறிப்போயிருந்தது. என் கணவர் பைப்புக் கடை வைத்திருக்கிறார். சரக்கெடுக்கக் கோயம்புத்தூர் போகிறவர், கொஞ்ச நாளாக வேலை முடிந்த பிறகும் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கிவிட்டு வந்தார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

மகள் வயிற்றில் இருந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு பீரோவில் இருந்தது. அதில் வி.டி.ஆர்.எல். என்று ஒரு வரி. அப்போது அதைப் பற்றிக் கேட்டதற்கு, அந்த மாதிரி நோய் இருக்கிறதா என்று பார்ப்பது, எல்லாப் பிள்ளைத்தாய்ச்சிக்கும் எடுப்போம் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் டாக்டரிடம் போனேன். புண் வந்ததையும் சொல்லி, அதே பரிசோதனையை எழுதித் தரச் சொன்னேன்.

அவர் சிரித்தார். "உங்க வீட்டுக்காரர எனக்கு நல்லாத் தெரியும்மா. எங்க வீட்டுக்குப் பைப்பு மொத்தமும் அவருகிட்டதான் எடுத்தேன். அவரப் போயி சந்தேகப்படலாமா? செல்போன்ல கண்டதையும் படிக்காதீங்க."

நான் வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது என்னைக் கேட்காமலே எடுத்த பரிசோதனை அது. இப்போது நானே வாய்விட்டுக் கேட்கிறேன், தர மாட்டேன் என்கிறார். என் ரத்தத்தைப் பார்க்க என் கணவரின் நல்ல பெயர் குறுக்கே நின்றது. பழைய சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

பெண் என்றால் புரியும் என்று நம்பி, பாளையங்கோட்டையில் ஒரு லேடி டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைப் படுக்க வைத்துக்கூடப் பார்க்கவில்லை. "குடும்பப் பொம்பளைக்கு இதெல்லாம் வராது. உடம்புச் சூடு. மோர் நெறைய குடிங்க" என்றார். அப்புறம் குரலைத் தணித்து, "நீங்க எதுவும் தப்புத்தண்டாவுக்குப் போகலல்ல?" என்று கேட்டார். அறையில் அவருடைய உதவியாளர் நின்றிருந்தார். அன்றைக்குப் பட்ட அவமானத்தை இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

அங்கிருந்து நேராக அரசு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தேன். பால்வினை நோய்ப் பிரிவு எங்கே என்று சீட்டுக் கொடுக்கும் இடத்தில் சத்தமாகவே கேட்டேன். வரிசையில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அங்கே இருந்த டாக்டருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். என் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு முன்னால கீழ வலியில்லாத புண்ணு எதுவும் வந்துச்சாக்கா?" என்று அவராகவே கேட்டார். அழுதுவிட்டேன். ரத்தம் எடுத்தார்கள். சிபிலிஸ். இடுப்பின் இரண்டு பக்கமும் ஊசி போட்டார்கள். "இது குணமாயிரும். ஆனா அவரும் வந்து பாத்துக்கிடணும்" என்றார்.

வீட்டுக்கு வந்து ரிப்போர்ட்டைக் கணவர் கையில் கொடுத்தேன். வெகுநேரம் படித்தார். மறுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. "நம்ம டாக்டருக்குத் தெரியுமா?" என்றுதான் கேட்டார்.

"நாளைக்குத் தெரியும்" என்றேன்.

மறுநாள் காலையில் டாக்டர் மேஜையில் ரிப்போர்ட்டை விரித்து வைத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பரவால்ல, சீக்கிரமே கண்டுபிடிச்சாச்சு."

"யாரு சார் கண்டுபிடிச்சது? நான் ரெண்டு தடவ உங்ககிட்ட வந்தேன். ரெண்டாவது தடவ வாய்விட்டே சொன்னேன். நீங்க அவருக்குச் சாட்சி சொன்னீய. நான் கேட்டது டெஸ்ட்டு."

"எல்லாருக்கும் எல்லா டெஸ்ட்டும் எழுத முடியுமாம்மா?"

"எல்லாருக்கும் எழுத வேண்டாம். கேட்டவளுக்கு எழுதியிருக்கலாம்."

வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். நான் திறந்துகொண்டு வந்துவிட்டேன்.

அந்த வாரமே என் கணவரும் ஊசி போட்டுக்கொண்டார். தடிப்புகள் மறைந்தன. ஆறு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் ரத்தத்தில் நோயின் அளவு நன்றாகக் குறைந்திருந்தது. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். நானும் மகளும் உள்ளறையில் படுக்கிறோம், அவர் முன்னறையில். மேற்கொண்டு என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அதை முடிவு செய்ய வேண்டியவள் நான்தான் என்பதில் மட்டும் இப்போது எனக்குக் குழப்பம் இல்லை.